காலங்கடந்த மாணவர்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே அமைந்த போலந்து பழம்பெருமை வாய்ந்த நாடு. ஆயினும், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டிற்குப் பெருந்தீங்கு நேர்ந்தது. அண்டையிலிருந்த ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று வல்லரசுகள் 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் அதனைக் கூறுபோட்டுத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. அதன்பின் 1918 வரை, தன்னுரிமை பெற்ற நாடாகப் போலந்து நிலப்படத்தில் இடம்பெறவில்லை. மக்கள் இருந்தனர், அவர்தம் மொழி இருந்தது, பாட்டும் கூத்தும் இருந்தன, நாடுமட்டும் இல்லை.

அந்நாளில் ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பொடோலியாப் பகுதியில், குரிலுவ்கா என்னும் சிற்றூரில், 1860ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள் இக்னாசி யான் பாடெரெவ்ஸ்கி பிறந்தார். அவ்வூர் இன்று உக்ரேன் நாட்டில் உள்ளது. அவருடைய தந்தையார் பெருநிலக்கிழார்களின் பண்ணைகளை மேற்பார்த்து வந்தவர். தாயார், மகன் பிறந்த சில திங்களிலேயே உயிர் நீத்தார். குழந்தைக்கு மூன்று வயது நிறையுங் காலத்தில் மற்றொரு துன்பம் வந்தது. 1863இல் போலந்து மக்கள் ரஷ்ய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியோடு தொடர்புடையவர் என்று ஐயுற்று, குதிரைப்படை வீரர் வீட்டைச் சூழ்ந்துகொண்டு தந்தையாரைச் சிறைப்படுத்தினர். அப்பா எங்கே போகின்றார் என்று அழுதுகொண்டே கேட்ட குழந்தைக்கு விடையாகக் கிடைத்தது சாட்டையடி. அவ்வடியின் வடு உடம்பில் ஆறியிருக்கலாம், நெஞ்சில் ஆறவில்லை. பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றைக் கூறியபோதும் அவர் அந்நாளை மறவாது குறிப்பிட்டுள்ளார்.

இக்னாசியின் விரல்கள் பியானோவை மிக இளமையிலேயே நாடின. ஆனால், நாட்டுப்புறத்தில் நல்ல ஆசிரியர் வாய்த்திலர். முதலில் கற்பிக்க வந்தவர் வயலின் வாசிப்பவர். பியானோவைப் பற்றி அவர் அறிந்தது சிறிதே. பின்னர் வந்த முதியவரும் தமக்கையையும் தம்பியையும் ஒருங்கே அமர்த்தி, எளிய பாடல்களை நான்கு கைகளால் வாசிக்கச் செய்ததோடு நின்றார். எந்த விரலை எங்கே வைப்பது, மணிக்கட்டை எங்ஙனம் தளர்த்துவது என்பவற்றை ஒருவரும் முறையாகச் சொல்லித் தந்திலர். அடிப்படையில் நேர்ந்த இக்குறை, பின்னர்ப் பல ஆண்டுகள் அவரைத் தொடர்ந்து வருத்தியது.

பியானோவின் அமைப்பை அறிந்தால்தான் அவர் பட்ட பாடு விளங்கும். வீணையில் விரல் கம்பியையே தொடுகின்றது. பியானோவில் அவ்வாறன்று. வாசிப்பவர் முன்னே கறுப்பும் வெள்ளையுமாக 88 கட்டைகள் வரிசையாக உள்ளன. ஒரு கட்டையை அழுத்தினால், பெட்டியின் உள்ளே கம்பளி பொதிந்த சிறு சுத்தியல் ஒன்று எழுந்து எஃகுக் கம்பியைத் தாக்கி, உடனே மீள்கின்றது. தாக்கிய பின் அவ்வொலியை வளர்க்கவோ வளைக்கவோ வாசிப்பவரால் இயலாது. ஆதலால், ஒலியின் இனிமையும் வன்மையும் மென்மையும் கட்டை கீழிறங்கும் அந்த நொடியிலேயே முடிவாகிவிடுகின்றன. பத்து விரல்களும் ஒன்றையொன்று சாராமல் இயங்கவேண்டும். மோதிரவிரலோ பக்கத்து விரல்களின் துணையின்றித் தனியே எழுவது அரிது. கையை மேசைமீது வைத்து அவ்விரலைமட்டும் உயர்த்திப் பார்ப்பார் எவரும் இதனை உணர்வர். இளமையில் எலும்பும் தசையும் இளகியிருக்கும்போதே இப்பயிற்சியைத் தொடங்குதல் வேண்டும் என்பது இசைவாணரின் கொள்கை.

1872இல், தம் பன்னிரண்டாம் வயதில், இக்னாசி வார்சா நகரத்து இசைக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவருடைய இசையறிவை மதித்தவர் உளர். கைத்திறனை மதித்தவர் அரியர். பியானோ இவருக்கு ஏற்ற கருவியன்று என்று ஆசிரியர் சிலர் கருதினர். டிராம்போன் என்னும் பெரிய ஊதுகருவியைப் பயிலுமாறு அவரைத் தூண்டியவரும் உண்டு. கல்லூரி இசைக்குழுவில் அவர் அதனை ஊதவும் செய்தார். அக்குழுவின் ஒத்திகைகள் தம் படிப்பிற்கு இடையூறாகின்றன என்று கூறி, ஒருகால் வர மறுத்தமையால் கல்லூரியினின்றும் விலக்கப்பட்டார். விலக்கப்பட்ட இளைஞர் வீடு திரும்பவில்லை. நண்பர்களோடு சேர்ந்து ரஷ்ய நாட்டின் சிற்றூர்களில் இசை நிகழ்ச்சி நடத்தப் புறப்பட்டுவிட்டார்! குளிரும் பசியும் கடனும் கண்டதே அப்பயணத்தின் பயன். பின்பு கல்லூரிக்கு மீண்டு, விட்ட பாடங்களையெல்லாம் விரைந்து கற்று, 1878இல் தேர்ச்சி பெற்றார். அக்கல்லூரியிலேயே பியானோ கற்பிக்கும் ஆசிரியப் பணியும் கிடைத்தது.

1880இல் அவர் தம்முடன் பயின்ற அன்டோனினா என்னும் நங்கையை மணந்தார். அவ்வாண்டின் இறுதிக்குள் அவ்வம்மையார் ஓர் ஆண்மகவை ஈன்று, சின்னாளில் இறந்தார். ஆல்பிரட் என்னும் அம்மகவும் உடல் நலங்குன்றி, நடக்கவியலாத நிலையில் வளர்ந்தது. இருபது வயதிற்குள் மனைவியை இழந்து, நோயுற்ற மகனுக்குத் தந்தையாகி நின்ற அவ்விளைஞர், தம் துயரை ஆற்றிக்கொள்ள இசையையே நாடினார். குழந்தையை உறவினரிடம் ஒப்புவித்து, இசையியற்றும் கலையைக் கற்கப் பெர்லின் மாநகருக்குச் சென்றார். அங்கே பிரீடரிக் கீல் என்பவரிடமும், பின்னர் ஹைன்ரிக் உர்பன் என்பவரிடமும் பயின்றார். பெரும்புகழ் படைத்த ரஷ்ய இசைவாணர் அன்டன் ரூபின்ஸ்டைனைச் சந்திக்கும் பேறும் ஆங்கு வாய்த்தது. அவர் இளைஞரின் இயற்றல்களைக் கேட்டு மகிழ்ந்து ஊக்கமளித்தார். எனினும் அச்சிட்ட இசையேடுகள் தரும் வருவாய் மிகக் குறைவு. மகனின் மருத்துவத்திற்கும் தம் பிழைப்பிற்கும் அது போதாது. மேடையேறி வாசிப்பவராக ஆனாலன்றி உய்வில்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று. அம்மேடைக்குரிய கைத்திறனோ அவரிடம் இல்லை. இதனை அவரினும் நன்கு உணர்ந்தவர் எவருமிலர்.

1884ஆம் ஆண்டு கோடையில், டாட்ரா மலையடியில் உள்ள ஸாக்கோபானே என்னும் ஊரில், ஹெலீனா மோட்ஜெஸ்கா என்ற பெருநடிகையாரை அவர் கண்டார். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் நடித்துப் போலந்திலும் அமெரிக்காவிலும் புகழ் பெற்றவர் அவ்வம்மையார். இளைஞரின் வாசிப்பில் மறைந்திருந்த ஆற்றலை அவர் உணர்ந்தார். உணர்ந்ததோடு அமையாமல், உதவவும் முன்வந்தார். கிராக்கோ நகரில் இளைஞர் பியானோ வாசிக்கவும், அம்மையார் கவிதை ஓதவும் ஒரு நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. வாசிப்பவரின் பெயரை அறியாதவரும் நடிகையாரின் பெயரைக் கண்டு திரண்டனர், மண்டபம் நிறைந்தது. அன்று சேர்ந்த பணம் வியன்னாவிற்குச் செல்ல வழி வகுத்தது.

அந்நாளில் பியானோ பயில விரும்பிய உலக இளைஞர்க்கு வியன்னாவே தலைநகர். பெத்தோவன் வாழ்ந்து மறைந்த நகரம் அது. பெத்தோவனிடம் பயின்றவர் கார்ல் செர்னி. செர்னியிடம் பயின்றவர் தியோடர் லெஷெட்டிஸ்கி. இக்குருமரபின் பெருமையை நாடி, ரஷ்யாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கடல்கடந்து அமெரிக்காவிலிருந்தும் மாணவர் லெஷெட்டிஸ்கியின் இல்லத்திற்கு வந்தவண்ணம் இருந்தனர். வந்தவர் எல்லாரையும் அவர் நேரே ஏற்பதில்லை. பெரும்பாலோர் முதலில் அவருடைய துணையாசிரியரிடம் பல திங்கள் பயின்று, கை பண்பட்ட பின்னரே அவர்முன் அமர்வர். வாரந்தோறும் ஒருநாள் மாணவர் அனைவரும் கூடுவர்; ஒருவர் வாசிக்கப் பிறர் கேட்பர். ஆசான் சினம் மிக்கவர். நன்றாக வாசித்தாரை உளமாரப் பாராட்டுவார். பிழைபட வாசித்தாரை எல்லார் முன்னிலையிலும் கடிந்துரைப்பார். கண்ணீரோடு வெளியேறிய மாணவரும் பலர்.

அத்தகைய ஆசான்முன் இருபத்துநான்கு வயதுடைய பாடெரெவ்ஸ்கி வந்து நின்றார். அவருடன் பயில வந்தோருள் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவரும் இருப்பது வழக்கம். அவரோ கல்லூரியில் கற்பித்து வந்த ஆசிரியர். பாடல்களை அச்சிட்டு வெளியிட்டவர். ஒரு மகனுக்குத் தந்தை. லெஷெட்டிஸ்கி அவர் வாசிப்பைக் கேட்டார். இயற்கையறிவும் இசையுணர்வும் மிகுதியாக இருப்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும் விரல்களுக்கு ஒழுங்குமுறை இல்லை என்றும், தொடங்கவேண்டிய காலம் கடந்துவிட்டது என்றும் ஒளிவுமறைவின்றிக் கூறிவிட்டார். பெரும்பொருள் செலவிட்டு, நாடு கடந்து வந்த மாணவர்க்கு இதனினும் கொடிய சொல் வேறொன்று இருத்தல் இயலுமா? வேறொருவராயின் அன்றே ஊர் திரும்பியிருப்பர். பாடெரெவ்ஸ்கி திரும்பவில்லை, தம்மை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டி நின்றார். ஆசானும் இசைந்தார்.

பாடம் தொடக்கத்திலிருந்தே தொடங்கியது. செர்னி இயற்றிய விரற்பயிற்சிகள், பள்ளிச் சிறுவர் வாசிப்பவை, அவர்முன் வைக்கப்பட்டன. இதுகாறும் கையில் ஊறியிருந்த தவறான பழக்கங்களை ஒவ்வொன்றாகக் களையவேண்டியிருந்தது. புதிதாகக் கற்பது எளிது. கற்றதை மறப்பது அரிது. பெருவிரல் பிறவிரல்களின் அடியே ஓசையின்றிப் புகுந்து செல்ல வேண்டும். ஒரு சுரம் மறைவதற்குள் அடுத்த சுரம் அதனோடு இழைய வேண்டும். காலால் மிதிக்கும் மிதிகட்டையை எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று செவி கணக்கிட வேண்டும். வேகத்தை ஆசான் பெரிதாக எண்ணவில்லை. ஒவ்வொரு சுரத்தின் ஒலியும் தெளிவாகவும் பாடுங்குரல் போன்றும் எழவேண்டும் என்பதே அவர் வற்புறுத்தியது. ஒரே வரியை நூறுமுறை மெல்ல வாசித்து, ஒருமுறை விரைந்து வாசிப்பது பாடெரெவ்ஸ்கியின் வாழ்வாயிற்று. காலையில் தொடங்கும் பயிற்சி இரவுவரை நீளும். வாடகை அறையில் தனிமை; கையிலோ சுருங்கிய பணம்; தொலைவிலோ எழுந்து நடக்கவியலாத மகன். மாநகரின் இன்பங்கள் எவையும் அவரை ஈர்க்கவில்லை என்பதைவிட, அவற்றிற்கு நேரமும் காசும் இல்லை என்பதே பொருந்தும்.

லெஷெட்டிஸ்கியின் மனைவியார் அன்னெட் எஸ்ஸிப்போவா தாமே சிறந்த பியானோக் கலைஞர். அவ்வம்மையார் இளைஞரின் இயற்றல்களை விரும்பி, தம் நிகழ்ச்சிகளில் வாசித்தார். மாணவராக ஒருவன் வாயில் காத்திருக்க, அவன் இயற்றிய பாடலை ஆசானின் மனைவியாரே அரங்கில் வாசிப்பது புதுமையான நிலைதானே! பின்னர் அவர் இயற்றிய பியானோக் கான்செர்ட்டோவையும் 1889இல் வியன்னாவில் முதன்முதல் அரங்கேற்றியவர் எஸ்ஸிப்போவாவே ஆவர்.

கைப்பொருள் தீர்ந்தது. லெஷெட்டிஸ்கியின் பரிந்துரையால் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து இசைக் கல்லூரியில் பணி கிடைக்க, 1885இல் அங்கே சென்று ஓராண்டு கற்பித்தார். ஆசிரியராக அமர்ந்தபின் மீண்டும் மாணவராக மனம் ஒப்புவார் சிலரே. அவரோ வருவாயைச் சேர்த்துக்கொண்டு, 1886இல் வியன்னாவிற்கே மீண்டு ஆசானின் முன் அமர்ந்தார்.

அவர் இயற்றிய சிறு பாடல்களுள் மினுவெட் ஒன்று உலகெங்கும் பரவியது. அது தோன்றிய விதம் சுவையானது. வார்சாவில் அவர் நட்புப் பூண்டிருந்த பெரியோர் இருவர் மோட்சார்ட்டின் இசையில் பேரீடுபாடு கொண்டவர். அதற்கு நிகராக இக்காலத்தார் எவரும் இயற்றவியலாது என்பது அவர் எண்ணம். ஒருநாள் பாடெரெவ்ஸ்கி ஒன்றும் சொல்லாமல் தாம் புனைந்த மினுவெட்டை வாசித்தார். கேட்ட இருவரும் மோட்சார்ட்டின் பாடல் என்றே எண்ணி மெய்ம்மறந்தனர். உண்மை வெளிப்பட்டபோது அவர்தம் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

1887இல் வியன்னாவில் மேடையேறிய பாடெரெவ்ஸ்கி, 1888ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாரிஸ் மாநகரின் எரார் மண்டபத்தில் வாசித்தார். அவையோரிடையே அந்நகரின் பெரும் இசைக்குழுத் தலைவர்களான லாமுரோவும் கொலோனும் இருந்தனர். வாசிப்பு முடிந்ததும் மண்டபம் ஆரவாரித்தது. இரண்டாம் நிகழ்ச்சி எப்போது என்று எல்லாரும் வினவினர். அங்கேதான் இடர்ப்பாடு, இரண்டாம் நிகழ்ச்சிக்கு வேண்டிய பாடல்கள் அவரிடம் இல்லை! பல்லாண்டு உழைத்து அவர் முற்றும் பண்படுத்தி வைத்திருந்தவை ஒரு மாலைக்கே போதுமானவையாக இருந்தன. புகழ் வந்து வாயிலில் நிற்க, அவர் கதவைச் சாத்திக்கொண்டு மீண்டும் பயிற்சியில் அமர்ந்தார். 1890இல் இலண்டன் சென்றபோது செய்தித்தாள்கள் முதலில் அவரை அன்போடு வரவேற்கவில்லை. நாளடைவில் அந்நகரமும் அவர்வயப்பட்டது.

1891ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள், நியூயார்க் நகரில் புதிதாகக் கட்டப்பட்ட கார்னெகி மண்டபத்தில் அவர் வாசித்தார். இசைக்குழுவோடு இணைந்து வாசிக்கும் கான்செர்ட்டோக்கள் ஆறனைக் குறுகிய கால இடைவெளியில் வாசிக்கவேண்டியிருந்தது. பகலில் ஒத்திகை, மாலையில் அரங்கு, இரவில் பயிற்சி என நாட்கள் கழிந்தன. அப்பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடந்தன. நடுவே, கட்டைகளை மிக வன்மையாக அழுத்தவேண்டியிருந்த ஒரு பியானோவில் வாசிக்கையில், வலக்கை மோதிரவிரலின் தசைநார் கெட்டது. ஒப்பந்தத்தை முறிக்க அவர் விரும்பவில்லை. அவ்விரலை விலக்கி, எஞ்சிய விரல்களுக்கு ஏற்பப் பாடல்களைப் பழகிக்கொண்டு பயணத்தை முடித்தார். விரலொழுங்கு இல்லையென்று ஒருகாலத்தில் தள்ளப்படவிருந்தவர் அவர் என்பதை இங்கே நினைத்தல் வேண்டும்.

செல்வம் குவிந்தது. 1899இல் ஹெலீனா கோர்ஸ்கா என்னும் அம்மையாரை மணந்து, சுவிட்சர்லாந்தில் மோர்ஜ் என்னும் ஊரருகே குடியேறினார். எந்த மகனின் மருத்துவத்திற்காக மேடையை நாடினாரோ அம்மகன் 1901இல் இறந்தான். வியன்னாவிலும் பாரிசிலும் பெற்ற பெரும்புகழால் தடுக்கவியலாத இழப்பு அது.

1910இல் கிராக்கோ நகரில் கிருன்வால்டு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. 1410இல் ஜெர்மானிய வீரப்படையினரைப் போலந்தும் லித்துவேனியாவும் வென்ற போரின் 500ஆம் ஆண்டு நினைவாக, பாடெரெவ்ஸ்கி தம் சொந்தப் பொருளால் எழுப்பியது அது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் அதே நகரில், தம் படிப்பிற்காக ஒரு மண்டபத்தில் பணம் திரட்டிய இளைஞர் அவர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் அச்சின்னத்தை இடித்தனர். 1976இல் போலந்து மக்கள் அதனை மீண்டும் எழுப்பினர்.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. போலந்து மண்ணே போர்க்களமாயிற்று. நாவலாசிரியர் ஹென்ரிக் சின்கியேவிச்சுடன் சேர்ந்து பாடெரெவ்ஸ்கி சுவிட்சர்லாந்தில் துயர்தீர் கழகம் ஒன்றை நிறுவி, பின் அமெரிக்கா சென்றார். ஊர்தோறும் மேடையேறி முதலில் தம் நாட்டின் துயரை எடுத்துரைப்பார். பின் பியானோவில் அமர்ந்து, தம் நாட்டில் பிறந்த ஷோபனின் இசையை வாசிப்பார். சொல்லால் உருகாதவரும் இசையால் உருகினர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் 1918 சனவரியில் வெளியிட்ட பதினான்கு அம்சத் திட்டத்தில், பதின்மூன்றாவது, போலந்திற்குத் தன்னுரிமை வேண்டும் என்பது. அவ்வாண்டு நவம்பரில் போலந்து மீண்டும் நாடாயிற்று. டிசம்பர் இறுதியில் பாடெரெவ்ஸ்கி போஸ்னான் நகரை அடைந்தார். மறுநாளே அங்கே ஜெர்மானிய ஆட்சிக்கு எதிரான எழுச்சி வெடித்தது.

1919 சனவரி 16ஆம் நாள் அவர் போலந்தின் தலைமை அமைச்சரானார். அயல்நாட்டுத் துறையும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. அவ்வாண்டு சூன் 28ஆம் நாள் வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் தம் நாட்டின் சார்பில் கையொப்பமிட்ட இருவருள் அவர் ஒருவர். அரசியல் பணி அவருக்கு எளிதாக இல்லை. கட்சிப் பூசல்களுக்கிடையே நாட்டை நடத்துவதற்குரிய பொறுமையும் தந்திரமும் அவரிடம் போதுமான அளவு இருந்தன என்று சொல்லவியலாது. ஓராண்டு நிறையுமுன், டிசம்பரில் பதவியினின்றும் விலகினார். பின்னர், பல ஆண்டுகள் தொடாதிருந்த பியானோவை மீண்டும் திறந்தார். அறுபது வயதைக் கடந்தபின் விரற்பயிற்சிகளைத் தொடக்கத்திலிருந்து வாசித்து, 1922இல் கார்னெகி மண்டபத்தில் மறுபடியும் மேடையேறினார்.

1939இல் ஜெர்மனியும் சோவியத் ரஷ்யாவும் போலந்தைக் கைப்பற்றின. எண்பதை நெருங்கிய முதியவர், அயல்மண்ணில் இயங்கிய போலந்துத் தேசிய மன்றத்தின் தலைமையை ஏற்று, மீண்டும் அமெரிக்கா சென்று தம் நாட்டிற்காக உதவி வேண்டினார். 1941ஆம் ஆண்டு சூன் 29ஆம் நாள் நியூயார்க்கில் அவர் உயிர் பிரிந்தது. தாய்நாடு பகைவர் கையில் இருந்தமையால், உடல் அங்கே செல்ல வழியில்லை. போலந்து விடுதலை பெறுங்காறும் இருக்கட்டுமென்று, வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டன் இடுகாட்டில் அமெரிக்க அரசு இடமளித்தது. அந்நாள் வருவதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. 1992இல் அவருடைய பேழை கடல்கடந்து கொண்டுசெல்லப்பட்டு, வார்சா நகரில், புனித யோவான் பெருங்கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. இறந்தபோது தனியே எடுத்துவைத்த இதயம்மட்டும் அமெரிக்காவிலேயே, பென்சில்வேனியா மாநிலத்துக் கோயில் ஒன்றில் வைக்கப்பட்டுள்ளது.